ஐம்பது சதவிகிதம் யாருடையது?

புன்னைக்காயலில் வீடு, தூத்துக்குடியில் வேலை. ஆத்தூர், முக்காணி, பழையகாயல் என்று உப்பளங்களைத் தாண்டித் தினமும் போய் வருகிறவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தை ஒட்டிய சரக்கு கிளியரிங் கம்பெனி ஒன்றில் பதினைந்து வருடம் உழைத்து மேனேஜர் ஆகியிருக்கிறார். பதவியோடு கம்பெனி காரும் வந்துவிட்டது. வீட்டில் ஏற்கெனவே சொந்தக் கார் ஒன்று நிற்கிறது. அதில் ஐந்து வருடமாக ஒரு கிளெய்ம்கூடப் போட்டதில்லை. பாலிசித் தாளில் ‘நோ கிளெய்ம் போனஸ் 50%’ என்று இருக்கும்.

அவர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டிடம் கேட்கும் முதல் கேள்வி இப்படித்தான் இருக்கும்: “அண்ணாச்சி, பழைய வண்டியைக் கொடுத்திரலாம்னு இருக்கேன். அந்த ஐம்பது பர்சென்ட்டை கம்பெனி வண்டிக்குப் போட்டுக்கிடலாம்லா? ஓட்டப்போறது நான்தானே?”

நியாயமான கேள்விதான். கார் மாறினாலும் ஓட்டுகிற கை மாறவில்லையே! ஆனால் பதில், முடியாது.

நோ கிளெய்ம் போனஸ் காருக்குக் கிடைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். நன்றாக ஓட்டுகிற டிரைவருக்குக் கிடைப்பது என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். இரண்டும் இல்லை. பாலிசியில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் அது சொந்தம். பாலிசியோ, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள உரிமையாளர் பெயரில்தான் இருக்க வேண்டும். கம்பெனி காரின் ஆர்.சி. கம்பெனி பெயரில் இருக்கும். லீஸுக்கு எடுத்த வண்டி என்றால் லீஸ் நிறுவனத்தின் பெயரில்கூட இருக்கலாம். சட்டத்தின் கண்ணில் மேனேஜர் வேறு ஆள், கம்பெனி வேறு ஆள். ஒருவர் சேர்த்த தள்ளுபடியை இன்னொருவர் பாலிசியில் சேர்க்க வழியில்லை.

இந்தத் தள்ளுபடியின் படிக்கட்டைத் தெரிந்துகொள்வது நல்லது. முதல் வருடம் கிளெய்ம் இல்லையென்றால் அடுத்த புதுப்பித்தலில் 20 சதவிகிதம். அப்புறம் 25, 35, 45, ஐந்தாவது வருடம் முடிந்தால் 50. அதற்கு மேல் படி கிடையாது. 2002-ல் வந்த இந்திய மோட்டார் டாரிஃப் விதிகளில் எழுதப்பட்ட படிக்கட்டு இது. பிறகு பிரீமியத்தை அந்தந்த கம்பெனியே நிர்ணயிக்கலாம் என்று ஆகிவிட்டாலும், இந்தக் கணக்கு பெரும்பாலும் அப்படியே தொடர்கிறது. தள்ளுபடி மொத்த பிரீமியத்துக்கும் அல்ல. நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான ‘ஓன் டேமேஜ்’ பகுதிக்கு மட்டும். தேர்டு பார்ட்டி பிரீமியத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. மலேசியாவில் முதல் வருடமே 25 சதவிகிதத்தில் தொடங்கி 55 வரை போகும். சிங்கப்பூரில் வருடத்துக்குப் பத்துப் பத்தாக ஏறி 50-ல் நிற்கும். அங்கே இருக்கும் நம்மவர்களுக்கு இது பழகிய கணக்கு.

ஏறுவதற்கு ஐந்து வருடம், இறங்குவதற்கு ஒரே கிளெய்ம். 2023 டிசம்பர் வெள்ளத்தை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தாமிரபரணி கடலில் கலக்கிற கடைசி ஊர் புன்னைக்காயல். அந்த மாதிரி வெள்ளத்தில் வண்டி மூழ்கி கிளெய்ம் போட்டால், ஓட்டியவர் மேல் ஒரு தப்பும் இல்லாவிட்டாலும் போனஸ் பூஜ்யத்துக்கு வந்துவிடும். யார் தப்பு என்பது இங்கே கேள்வியே இல்லை, கிளெய்ம் உண்டா இல்லையா என்பதுதான் கேள்வி. கூடுதல் பணம் கட்டி ‘என்.சி.பி. புரொடெக்ட்’ எடுத்திருந்தால் மட்டும் தப்பிக்கலாம். அதற்கும் வருடத்துக்கு எத்தனை கிளெய்ம் என்ற வரம்பு உண்டு.

சரி, அந்த ஏஜென்ட் அண்ணாச்சி கொஞ்சம் தாராள மனசுக்காரர் என்று வைத்துக்கொள்வோம். “விடுங்க, கம்பெனி பாலிசியிலயே ஐம்பதுன்னு போட்டுத் தாரேன், யார் பாக்கப்போறா” என்கிறார். இங்கேதான் ஆபத்து. போனஸ் கேட்கும்போது ஓர் உறுதிமொழி கொடுக்க வேண்டும். இன்று அது கம்ப்யூட்டர் திரையில் ஒரு டிக் அடிப்பதோடு முடிந்துவிடுவதால் யாரும் படிப்பதில்லை. சொன்ன தகவல் தவறு என்று தெரிந்தால், பாலிசியின் முதல் பிரிவில் உள்ள எல்லாப் பலன்களையும் இழக்கச் சம்மதிக்கிறேன் என்பதுதான் டாரிஃப் விதி வகுத்த அந்த வாசகம். முதல் பிரிவு என்பது வேறொன்றும் இல்லை, நம் வண்டியின் சேதம்தான். சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், ஒரு பெரிய விபத்தில் சில லட்சம் ரூபாய் ரிப்பேர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டி வரும். வேறு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மாறி வருபவர் சொல்லும் போனஸ் உண்மைதானா என்று புது கம்பெனி பழைய கம்பெனிக்கு 21 நாளுக்குள் எழுதிக் கேட்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. அப்படிக் கேட்காமல் பிரீமியத்தை வாங்கிக்கொண்டு, கிளெய்ம் வந்த பிறகு மட்டும் குற்றம் கண்டுபிடிப்பதைப் பற்றி நுகர்வோர் நீதிமன்றங்களில் நிறைய வழக்குகள் நடந்திருக்கின்றன. ஆனால் நீதிமன்றத்தை நம்பி யாராவது பாலிசி எடுப்பார்களா?

அப்படியானால் மேனேஜர் ஐந்து வருடம் சேர்த்தது என்ன ஆகும்? சொந்தக் காரை வைத்துக்கொண்டு, வீட்டில் மனைவியோ மகனோ ஓட்டினால் கவலையில்லை. அவர் பெயரிலேயே வருடாவருடம் புதுப்பித்து வந்தால் போனஸும் தொடரும். கெடு முடிந்து 90 நாளுக்குள் புதுப்பித்துவிட வேண்டும், அவ்வளவுதான். “வண்டி சும்மாதானே நிக்குது, தேர்டு பார்ட்டி மட்டும் போதும்” என்று ஓன் டேமேஜ் பகுதியை விட்டுவிட்டால், அந்த 90 நாள் கழிந்ததும் போனஸ் கையைவிட்டுப் போய்விடும்.

காரை விற்கிறார் என்றால், விற்ற கையோடு ஒரு வேலை இருக்கிறது. ஆர்.சி. பெயர் மாற்றத்துக்கான படிவங்களின் நகலை இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் கொடுத்து, ‘என்.சி.பி. ரிசர்விங் லெட்டர்’ என்ற சான்றிதழை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கியவருக்கு அந்த 50 சதவிகிதம் போகாது. பாலிசியை அவர் பெயருக்கு மாற்றும்போது அந்த வித்தியாசத்தை அவரிடம் வசூலித்துவிடுவார்கள். விற்றவரின் போனஸ் மூன்று வருடம் காத்திருக்கும். அதற்குள் தன் பெயரில் ஒரு கார் வாங்கி இன்ஷூர் செய்தால் 50 சதவிகிதத்திலிருந்தே தொடங்கலாம். புதுக் கார்தான் வேண்டும் என்றில்லை, செகண்ட் ஹேண்ட் காரும் போதும். ஆனால் காருக்குக் கார் மட்டும்தான். மீன் லோடு அடிக்கிற குட்டியானைக்கோ, பைக்குக்கோ கார் போனஸை மாற்ற முடியாது.

மூன்று வருடம் என்பது நீண்ட காலம் மாதிரித் தெரியும். ஆனால் கம்பெனி கார் என்பது நான்கைந்து வருடமாவது கையில் இருக்கிற சமாச்சாரம். சொந்தக் காரை விற்றுவிட்டு, கம்பெனி காரை நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருப்பவரின் போனஸ் பீரோவுக்குள் சத்தமில்லாமல் செத்துப்போகிறது. வேலையை விட்டு வந்து புதுக் கார் வாங்கும் நாளில்தான் அது அவருக்குத் தெரியவரும்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது. தனி ஆளின் போனஸ் கம்பெனிக்குள் போக முடியாதே தவிர, கம்பெனியின் போனஸ் தனி ஆளுக்கு வர முடியும். டாரிஃப் விதியிலேயே அதற்கு இடம் வைத்திருக்கிறார்கள். நிறுவனத்துக்குச் சொந்தமான கார் ஓர் ஊழியருக்கென்று ஒதுக்கப்பட்டு, அவர் மட்டுமே பயன்படுத்திய காலத்தில் சேர்ந்த போனஸை, அந்தக் கார் அவர் பெயருக்கே மாறும்போது அவருக்குக் கொடுக்கலாம். பல கம்பெனிகள் சில வருடம் ஓடிய காரை அதே ஊழியருக்குக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிடுகின்றன. அந்த நேரத்தில் கம்பெனியின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்க வேண்டும். இந்த நம்பர் வண்டி, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை, இவருக்கே ஒதுக்கப்பட்டிருந்தது, இவர் மட்டுமே பயன்படுத்தினார் என்று அதில் இருக்க வேண்டும். ஆபீஸில் நாலு பேர் மாற்றி மாற்றி எடுத்துப்போன வண்டிக்கு இது செல்லாது.

அந்த ஒரு தாளின் மதிப்பு என்ன? மாதிரிக்கு, ஓன் டேமேஜ் பிரீமியம் வருடம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடிதம் இருந்தால் முதல் வருடமே 5,000 மட்டும். இல்லையென்றால் முழுதாக 10,000, அடுத்த வருடம் 8,000, பிறகு 7,500, 6,500, 5,500 என்று படியேறி வர வேண்டும். ஐந்து வருடத்தில் வித்தியாசம் 12,500 ரூபாய். அதன் மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி. வேறு. வண்டி பழசாகப் பழசாக அதன் மதிப்பு குறைவதால் நிஜத்தில் தொகை இதைவிடச் சற்றுக் குறையும். இருந்தாலும் ஹெச்.ஆர். மேஜையில் ஐந்து நிமிடம் நின்று வாங்குகிற ஒரு கடிதத்துக்கு இது மோசமான கூலி இல்லை. வேலையை விட்ட பிறகு போய்க் கேட்டால், ஐந்து நிமிடம் ஐந்து மாதமாகலாம்.

ஆனால் இரண்டு போனஸையும் சேர்த்து ஒரே காருக்குப் போட முடியாது. கையில் பழைய ரிசர்விங் லெட்டர் உயிரோடு இருந்தாலும், கம்பெனி கடிதம் இருந்தாலும், ஒரு காருக்கு உச்சவரம்பு 50 தான்.

‘கம்பெனி’ என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். தூத்துக்குடி வட்டாரத்தில் ஐஸ் பிளான்ட், கருவாட்டு வியாபாரம், உப்பு ஏஜென்சி என்று பலரும் தனி ஆளாகத்தான் நடத்துகிறார்கள். கடைக்கு ஒரு பெயர் இருக்கும், ஜி.எஸ்.டி. எண்ணும் இருக்கும், ஆனால் சட்டப்படி கடையும் முதலாளியும் ஒருவரே. வண்டி அவர் சொந்தப் பெயரில், சொந்தக் காராகப் பதிவாகியிருந்தால் அவருடைய போனஸ் அப்படியே தொடரும். அதே தொழிலை பிரைவேட் லிமிடெட் ஆக்கி, காரையும் அதன் பெயருக்கு மாற்றிவிட்டால் கதை மாறிவிடும். பங்கு முழுக்கத் தன்னுடையதாக இருந்தாலும் கம்பெனி வேறு ஆள்தான்.

இதில் போனஸைவிடப் பெரிய இழப்பும் உண்டு. 1990-களின் நடுவில் உச்ச நீதிமன்றத்துக்குப் போன ஒரு வழக்கு, ‘கம்ப்ளீட் இன்சுலேஷன்ஸ்’ எதிர் ‘நியூ இந்தியா அஷ்யூரன்ஸ்’. ஒரு தனி நபர் பெயரில் இருந்த கார் கம்பெனி பெயருக்கு மாறியது. ஆர்.சி. மாறிவிட்டது, பாலிசி மாறவில்லை. அந்த இடைவெளியில் விபத்து. வண்டி கைமாறும்போது தேர்டு பார்ட்டி பாதுகாப்பு மட்டும்தான் தானாகப் புது உரிமையாளருக்குப் போகும், சொந்த வண்டிச் சேதத்துக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியோடு தனியாக ஒப்பந்தம் வேண்டும் என்று சொல்லி, நஷ்டஈடு கிடையாது என்றது நீதிமன்றம். பெயர் மாறிய 14 நாளுக்குள் பாலிசியை மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்ற விதியை ஏஜென்ட்டுகள் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான். கம்பெனி காரை வாங்கிக்கொள்கிற ஊழியருக்கும் இதே 14 நாள்தான்.

சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ கார் ஓட்டிவிட்டு ஊர் திரும்புகிறவர்களுக்கும் ஒரு கதவு திறந்திருக்கிறது. அங்கே சேர்த்த போனஸுக்கு அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியின் சான்று இருந்து, அந்த பாலிசி முடிந்த மூன்று வருடத்துக்குள் இங்கே கார் இன்ஷூரன்ஸ் எடுத்தால், இங்குள்ள படிக்கட்டுக்கு உட்பட்டுத் தள்ளுபடி கேட்கலாம். விமானம் ஏறுமுன் அந்தச் சான்றை வாங்கி வருகிறவர்கள் குறைவு.

அப்பா காலமாகி அவர் கார் குடும்பத்துக்கு வருகிறபோதும் போனஸ் வரும். மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோருக்கு மட்டும் இந்தச் சலுகை. உயிரோடு இருக்கும்போது மகனுக்குக் கொடுக்கிறேன் என்றால் நடக்காது.

கம்பெனி கார் வீட்டுக்கு வந்த அன்று போனஸைப் பற்றிக் கேட்ட மேனேஜர், கேட்க மறந்த ஒன்று இருக்கிறது. சொந்தக் காரில் உரிமையாளரே ஓட்டும்போது விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் என்ற கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு 2018 முதல் இருக்கிறது. கம்பெனி பெயரில் உள்ள வண்டிக்கு அது கிடையாது. கம்பெனிக்கு டிரைவிங் லைசென்ஸ் இல்லையே! அவருடைய சொந்தக் காருக்கு எடுத்த காப்பீடும் அவருக்குச் சொந்தமான வண்டியை ஓட்டும்போதுதான் உதவும். தினமும் பழையகாயல் வழியாகப் போய்வருகிற அந்த அறுபது கிலோமீட்டரில் ஏதாவது ஆனால், வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன வரும்? கம்பெனி தன் பாலிசியில் கூடுதல் பிரீமியம் கட்டி, ஓட்டுகிறவருக்கும் உட்கார்ந்து வருகிறவர்களுக்கும் விபத்துக் காப்பீடு சேர்க்கலாம். அல்லது ஊழியர்களுக்கான குழுக் காப்பீட்டில் அது இருக்கலாம். இரண்டில் எது இருக்கிறது, எவ்வளவு தொகை, நாமினியாக யார் பெயர் போட்டிருக்கிறது என்பதைச் சாவியை வாங்கும்போதே ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்கி, வீட்டுக்காரம்மாவுக்கும் ஒரு நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்துவிடலாம்.