மட்கார்டுல கை வைக்கிறதுக்கு முன்னாடி...

'பெரிய டயர் மாட்டினா வண்டி சும்மா கெத்தா நிக்கும்ல?'

வீட்டுல ஜீப், பொலீரோ, தார்னு ஏதாவது ஒண்ணு நிக்குதா? அப்படின்னா காலேஜ் ரெண்டாவது வருஷம் முடியறதுக்குள்ள இந்த ஆசை கண்டிப்பா வந்துடும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம்னா கேட்கவே வேணாம். மேற்கே திரும்பினா மலை. அடிவாரம் பூரா மாந்தோப்பு, தென்னந்தோப்பு. தோப்புக்குப் போற வழியில ஓடை, உருண்டைக்கல், மழைக்காலத்துல சேறு. ஆசைக்குக் காரணமும் ரெடி!

ஆனா பாஸ், டயர் பெருசானா அது சுத்துறதுக்கு இடமும் பெருசாகணும். இடம் இல்லேன்னா மட்கார்டை வெட்டணும். 'அவ்வளவுதானே, பட்டறையில விட்டா அரை நாள் வேலை'ன்னு சொல்றவங்க உண்டு. வேலை அரை நாள்தான். விளைவு அப்படி இல்லை. அதனால இந்த வாரம் அதைப் பத்தித்தான்.

தீப்பெட்டிக் கணக்கு!

டயர் பக்கவாட்டுல 215/75 ஆர் 15னு எழுதியிருக்கும். பொலீரோவுல பல வருஷமா வர்ற சைஸ் இது. 215ங்கிறது மில்லிமீட்டர்ல அகலம். அந்த அகலத்துல 75 சதவிகிதம் பக்கச்சுவரோட உயரம். 15ங்கிறது இன்ச்சுல ரிம். மேலேயும் கீழேயும் பக்கச்சுவரைச் சேர்த்துக் கூட்டினா டயரோட மொத்த உயரம் சுமார் 704 மி.மீ.

நம்ம பசங்க கனவுல வர்றது 31 இன்ச் டயர். அதாவது 787 மி.மீ. வித்தியாசம் 83 மி.மீ. 'ஆஹா, எட்டு சென்டிமீட்டர் உசந்துடும்'னு குதிக்காதீங்க. வண்டி உசரப் போறது அதுல பாதிதான். சுமார் 4 சென்டிமீட்டர். நம்ம சிவகாசித் தீப்பெட்டியை நெட்டுக்குத்தா நிக்க வெச்சா, அதைவிடக் கம்மி! மீதிப் பாதி மேல் பக்கமா வளர்ந்து மட்கார்டை முட்டும். அதுக்குத்தான் வெட்டு.

அந்த 4 சென்டிமீட்டருக்கு வண்டி என்னென்ன விலை கொடுக்குதுன்னு பாருங்க. டயர் உயரம் 12 சதவிகிதம் கூடினதால மீட்டர் பொய் சொல்லும். முள் 60ல நிக்கும், வண்டி 67ல போகும். என்ஜினுக்கு ஒரு கியர் கூடுதலாப் போட்ட மாதிரி ஆகிடும். அதாவது, எந்த மேட்டுல ஏறணும்னு பெரிய டயர் மாட்டினோமோ, அதே மேட்டுல இழுவை குறையும். சக்கரம் கனமாகுறதால அதே பிரேக் கூடுதல் வெயிட்டை நிறுத்தணும். பேரிங், ஸ்டியரிங் ஜாயின்ட் எல்லாத்துக்கும் ஓவர்டைம்!

எங்கே உரசும்?

ஷெட்டுல நிக்கும்போது எந்த டயரும் உரசாது. விரலை விட்டுப் பார்த்துட்டு 'இடம் இருக்கு மச்சி'ன்னு கிளம்பினா, முதல் பள்ளத்துலயே 'கர்ர்ர்'னு சத்தம் வரும். ஒரு பக்கச் சக்கரத்தைக் கட்டை மேல ஏத்தி ஸ்பிரிங் முழுசா அமுங்கட்டும். அதே நிலையில ஸ்டியரிங்கை இடது கடைசிக்கும் வலது கடைசிக்கும் ஒடிச்சுப் பார்க்கணும். எங்கே முட்டுதோ அங்கே சாக்பீஸ் கோடு. நாலு சக்கரத்துக்கும் இதே வேலை.

முன் மட்கார்டு பல வண்டிகள்ல போல்ட் போட்டு மாட்டினது. அதனால விவரமானவங்க ஒரிஜினலைக் கழட்டிப் பரண்ல போட்டுட்டு, பழைய சாமான் கடையில ஒண்ணு வாங்கி அதை வெட்டுவாங்க. பின் பக்கம் கதை வேற. அங்கே மட்கார்டும் பாடியும் ஒண்ணு. வெளித்தகடும் உள்தகடும் சேர்த்து வெல்டிங் வெச்ச விளிம்பு அது. அதை அறுத்துட்டு அப்படியே விட்டா ரெண்டு தகட்டுக்கும் நடுவுல வாய் திறந்துக்கும். தண்ணி, சேறு, அப்புறம் துரு. மறுபடி மடக்கி வெல்டிங் வெச்சே ஆகணும். டீசல் ஊத்துற குழாயும் வயரிங்கும் அந்தப் பக்கம் போகுதான்னு பார்க்காம கட்டிங் மெஷினைத் தொடவே கூடாது. பேட்டரி கனெக்‌ஷனைக் கழட்டிட்டுத்தான் வெல்டிங்.

வெட்டின விளிம்பை ராவி, பிரைமர் அடிச்சு, பெயின்ட் அடிச்சு, ரப்பர் பீடிங் மாட்டணும். இல்லேன்னா ஒரே ஒரு ஐப்பசி மழை போதும், துரு பூத்துடும்.

வெட்டாம விட்ட ஒரு விஷயம்தான் பெரிய ஆபத்து. அகலமான டயர் மட்கார்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கிட்டு நின்னா, அது கல் எறியுற கவண். புரட்டாசி சனிக்கிழமையில நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் திருவண்ணாமலைக்கு எத்தனை பேர் நடந்து போறாங்கன்னு உங்களுக்குத் தெரியும். பக்கத்துல நடக்கிற பாட்டி காலுக்கும், பின்னாடி பைக்ல வர்றவர் கண்ணுக்கும் நடுவுல இருக்கிறது அந்த ஒரு தகடுதான். மட்கார்டு அழகுக்கு வெச்சது இல்லை பாஸ்!

ஐஸ்லாந்துல மட்டும் எப்படி?

'வெளிநாட்டுல எல்லாம் பண்றாங்களே?' கரெக்ட். ஐஸ்லாந்துல பனிப்பாறை மேல ஓட்டுறதுக்காக 38, 44 இன்ச் டயர் மாட்டின வண்டிகள் ரோட்டுலயே ஓடுது. 1990ல அங்கே ஆரம்பிச்ச ஆர்க்டிக் ட்ரக்ஸ் கம்பெனிக்கு இதுதான் தொழில். 2007ல டாப் கியர் டி.வி. நிகழ்ச்சிக்காக வட காந்த துருவத்தை நோக்கிப் போனதும் இவங்க தயார் பண்ணின டொயோட்டா வண்டிகள்தான்.

ஆனா அங்கே வெட்டுறதோட வேலை முடியுறதில்லை. வெட்டின இடத்துல டயரை மூடுற மாதிரி அகலமான புது மட்கார்டு வரும். கியர் விகிதம் மாறும். அப்புறம், மாத்தின வண்டிக்குன்னு தனி சோதனை நடந்து ஓ.கே. ஆகணும். இங்கே நம்ம பட்டறையில நடக்கிறது முதல் வேலை மட்டும்தான். மீதி எல்லாம் அம்போ!

ஆர்.சி. புக்கை எடுங்க!

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாது. 2019 ஜனவரியில, கேரளாவுல இருந்து போன வழக்குல உச்ச நீதிமன்றமும் இதை அடிச்சுச் சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்துல தண்டனையும் சேர்ந்தது. அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், அல்லது ரெண்டும்.

யாருக்கு? ஓட்டினவருக்கு இல்லை, வண்டியோட சொந்தக்காரருக்கு. ஆர்.சி.யில இருக்கிற பேர் உங்களோடதா, அப்பாவோடதா? ஏதாவது விபத்துன்னா இன்சூரன்ஸ்காரங்க கேள்வி கேட்கப் போறதும் அவரைத்தான். நம்ம கெத்துக்கு அவர் ஏன் பில் கட்டணும்?

அப்ப தோப்புக்கு எப்படிப் போறது?

ஒண்ணு, கம்பெனியே கொடுக்கிற சைஸைப் பாருங்க. 2020ல வந்த தார்லயே 245/75 ஆர் 16, 255/65 ஆர் 18னு மாடலைப் பொறுத்து ரெண்டு சைஸ் வந்துச்சு. உங்க வண்டியோட கையேட்டுல என்ன அனுமதின்னு பார்த்துட்டு, அந்த சைஸுக்குள்ளேயே ஆழமான பட்டன் வெச்ச ஆல் டெரெய்ன் டயர் மாட்டலாம். வெட்டும் வேணாம், வழக்கும் வேணாம்.

ரெண்டு, காத்து! சேத்துலயும் மணல்லயும் பிரஷரை 20 பவுண்டு வரைக்கும் இறக்கினா டயர் தரையில அகலமாப் படியும். பிடிப்பு கூடும். தார் ரோட்டைத் தொடுறதுக்கு முன்னாடி மறுபடி ஏத்திடணும். அதனால சின்னதா ஒரு காத்தடிக்கிற பம்ப் வண்டியிலேயே இருக்கட்டும். அதோட விலையை நாலு 31 இன்ச் டயர் விலையோட ஒப்பிட்டுப் பாருங்க. சிரிப்பு வரும்.

மூணு, இடம். நம்ம மலை 2021ல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். சாம்பல் நிற அணிலும் யானையும் நடமாடுற காடு அது. எந்த டயர் மாட்டினாலும் அங்கே அனுமதி இல்லாம வண்டியை இறக்குறது சாகசம் இல்லை, குற்றம்.

'எனக்கு வெட்டியே ஆகணும், வெல்டிங் வெச்சே ஆகணும்'னு கை துறுதுறுங்கிறவங்களுக்கும் வழி இருக்கு. 2007ல இருந்து நடக்கிற பாஹா எஸ்.ஏ.இ. இந்தியா போட்டியைப் பத்தி உங்க மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்ல விசாரிங்க. காடு மேடு ஓடுற ஒற்றை ஆள் வண்டியை ஸ்டூடன்ட்ஸே டிசைன் பண்ணி, பைப்பை வளைச்சு, வெல்டிங் வெச்சுக் கட்டணும். எந்த டயர், எவ்வளவு கிளியரன்ஸ், எங்கே உரசும்... எல்லாக் கேள்விக்கும் நீங்கதான் பதில் சொல்லணும். ஜட்ஜ் முன்னாடி நின்னு கணக்கோட சொல்லணும்.

அப்பாவோட பொலீரோவுல ஒரு தகட்டை வெட்டுறதைவிட, ஒரு வண்டியையே கட்டினேன்னு சொல்றது பெரிய கெத்து இல்லையா மக்களே?