எது மூலம்?

சென்ற மாதம் என் வீட்டு முற்றத்தில் நின்ற மோட்டார்ச் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்த நண்பர் ஒருவர், ஈற்றில் தலையை அசைத்து, "மாஸ்டர், எல்லாம் வடிவாய்த்தான் இருக்குது. ஆனால், இது உங்கடை ஐயாவின்ரை சைக்கிள் இல்லை" என்றார். நண்பர் பழைய வாகனங்களைச் சேகரிப்பவர். அத்துறையில் விடயம் தெரிந்தவர். அவர் கூற்றை அப்போது நான் மறுக்கவில்லை. மனம் ஏற்கவும் இல்லை. பல பொருள்களின் உறுப்புகளைக் கூட்டி ஒன்றை ஆக்கினால், அதற்கு மூலம் என்று ஒன்று உண்டா? இக்கேள்வி வாகனப் பட்டறைக்கு மட்டும் உரியதன்று. ஏட்டோடும் எழுத்தோடும் உறவுடையோர்க்கும் உரியது. ஆதலால் அதனை இங்கு எழுதத் துணிகிறேன்.

என் தந்தையார் ஆசிரியர். 1957ஆம் ஆண்டில் அவர் பாவித்த பி.எஸ்.ஏ. பாண்டம் ஒன்றை வாங்கினார். 125 சி.சி. அளவு; மூன்று கியர்; பட்டறைகளில் 'டூ ஸ்ட்ரோக்' என்று வழங்கும் ஈரடிப்பு எஞ்சின். இருபது பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் கலந்து ஊற்றவேண்டும். அந்தக் கலவையின் நீலப் புகை மணமே எங்கள் சிறுவயதில் ஐயா வீடு திரும்பினார் என்பதற்கு அறிகுறி. 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் அருமையானபோது, யாழ்ப்பாணத்து வண்டிகள் பலவற்றைப் போல அதுவும் மண்ணெண்ணெயில் ஓடப் பழகிற்று. சில துளி பெற்றோல் விட்டு உதைத்து, எஞ்சின் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது வண்டியை வீட்டில் விட்டுச் சென்றோம். அடுத்த ஆண்டு திரும்பினோம். கிணற்றடியில் சட்டகம் கிடந்தது. பெற்றோல் தாங்கியும் பின்சில்லும் கிடந்தன. எஞ்சினைக் காணோம். தந்தையார் ஒன்றும் பேசவில்லை. சட்டகத்தைத் துடைத்து, எண்ணெய் பூசி, கொட்டிலின் வளையில் கட்டித் தூக்கினார். அவர் மறையும்வரை அது அங்கேயே தொங்கியது.

நான் ஓய்வு பெற்றபின் அதனைக் கீழே இறக்கினேன். மலைநாட்டுத் தோட்டம் ஒன்றின் கொட்டகையிலிருந்து பிற்காலத்து 175 சி.சி. பாண்டத்தின் எஞ்சின் ஒன்று கிடைத்தது. அதன் காபரேற்றர் துருவேறிப் போனதால், யப்பானிய 100 சி.சி. வண்டி ஒன்றின் காபரேற்றரைப் பொருத்தினோம். தீப்பொறி தரும் அமைப்பும் அவ்வண்டியினதே. முன்சில்லும் பிறேக்கும் இந்திய வண்டி ஒன்றுக்கு உரியவை. எஞ்சினைத் தாங்கும் தகடுகளை நம்மூர்க் கடைச்சற் பட்டறையில் ஓர் இளைஞர் வெட்டித் தந்தார். இப்படி நான்கு நாட்டுப் பொருள் சேர்ந்த வண்டியைத்தான் நண்பர் தள்ளிவைத்தார்.

நண்பர் போற்றும் அந்த மூலப் பாண்டத்தின் பிறப்பைச் சற்றே நோக்குவோம். 1948இல் பேர்மிங்ஹாம் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த அவ்வண்டி, ஆங்கிலேயர் தாமாகக் கண்டதன்று. ஜேர்மனியின் சாக்சனி மாநிலத்துச் சொப்பாவ் நகரில், டி.கே.டபிள்யூ. நிறுவனத்தில், ஹேர்மன் வேபர் என்னும் பொறியியலாளர் வகுத்த ஆர்.டி. 125 என்ற வண்டியே அதன் தாய். இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனி தோற்றபின் அவ்வடிவமைப்பு வென்றவர் கைப்பொருளாயிற்று. ஆங்கிலேயர் வரைபடத்தைக் கண்ணாடியில் தெரியும் விம்பம் போல இடம்வலமாக மாற்றி, கியர் நெம்பைத் தம் வழக்கப்படி வலப்புறம் கொண்டுவந்தனர். அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சனும், சோவியத் நாட்டில் மொஸ்க்வா வண்டியும், 1955இல் யமஹாவின் முதல் மோட்டார்ச் சைக்கிளும் அதே தாயின் பிள்ளைகள். வகுத்த வேபரோ சோவியத் நாட்டிற்குக் கொண்டு செல்லப்பட்டு 1948இல் அங்கேயே மறைந்தார்.

வேபரின் வண்டியும் முழுவதும் அவருடையதன்று. பழைய ஈரடிப்பு எஞ்சின்களில், உள்வரும் புதுக்கலவை நேரே வெளியேறிவிடாமல் தடுக்கப் பிஸ்டனின் தலையில் ஒரு திமில் இருந்தது. அத்திமில் சூட்டைத் தாங்காது. இரு பக்க வாயில்களைச் சாய்வாக அமைத்தால் கலவை பின்சுவரை ஒட்டி மேலேறி, வளைந்து திரும்பி, எரிந்த புகையைத் தள்ளிவிடும் என்று 1920களில் கண்டவர் அடொல்ப் ஷ்னூர்லே என்னும் இன்னொருவர். அவருடைய உரிமத்தைப் பெற்றதனால்தான் டி.கே.டபிள்யூ. வண்டிகளுக்குத் தட்டைத் தலைப் பிஸ்டன் வாய்த்தது. மூலத்தைத் தேடிப் பின்னே செல்லச் செல்ல, நாம் காண்பது மற்றொரு சேர்க்கையையே.

ஆதலால் எதனையும் எதனோடும் சேர்க்கலாம் என்று நான் கூறுவதாக எவரும் கொள்ளற்க. அந்தப் பாடத்தை எஞ்சினே எனக்குக் கற்பித்தது. முதன்முறை ஓட்டிச் சென்றபோது, சுன்னாகத்தை அணுகுமுன் எஞ்சின் கைப்பிடியைத் திருகாமலே தானாக வேகமெடுத்தது. நான் மகிழ்ந்தேன். அரை மைல் போவதற்குள் பிஸ்டன் இறுகி, பின்சில்லு தெருவில் இழுபட்டது. நாலடிப்பு எஞ்சினில் அடிப்பெட்டி எண்ணெய்க்கு இடமாகும். ஈரடிப்பிலோ அடிப்பெட்டியே நுரையீரல். பிஸ்டன் மேலேறும்போது கலவை அப்பெட்டிக்குள் இழுக்கப்படுகிறது. கீழிறங்கும்போது அங்கு அழுத்தப்பட்டு மேலே செல்கிறது. பெட்டியின் பொருத்தில் ஒரு மயிரிழை வெளி இருந்தாலும் புறக்காற்று புகும். கலவை மெலியும், சூடு மிகும், அதனோடு வரவேண்டிய எண்ணெயும் குறையும். என் வண்டியில் ஒவ்வோர் உறுப்பும் நல்லதே. சுழல்தண்டின் ஓரத்து றப்பர் வளையம் ஒன்று மட்டும் சரியாக அமரவில்லை. கலப்பினால் அது கெடவில்லை. பொருத்து பிழைத்ததனால் கெட்டது.

நம் இலக்கிய உலகிலும் கலப்பு என்றவுடன் முகஞ்சுளிப்போர் உளர். அன்னோர்க்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். அன்னோர் கையில் வந்தவை புலவன் எழுதிய முதல் ஏடுகளா? செல்லரித்தவை, ஒடிந்தவை, எழுதினோர் பிழைகள் மலிந்தவை. பல ஊர்ச் சுவடிகளை ஒப்புநோக்கியே நாம் இன்று படிக்கும் நூலை அவர்கள் உருவாக்கினர். அதனைச் சங்கநூல் அன்று என்று எவரும் தள்ளுவதில்லை. ஏனெனில், நல்ல பதிப்பாசிரியன் பாடபேதத்தை மறைப்பதில்லை. சிதைந்த இடத்தைச் சிதைந்தது என்றே காட்டுவான். தன் அடியைப் புலவனின் அடியாக எழுதிவைக்க மாட்டான்.

இந்த நேர்மையில் எனக்கும் ஒரு சோதனை வந்தது. எஞ்சின் மாறினால் பதிவுப் புத்தகத்திலும் அதன் இலக்கம் மாறவேண்டும். அது அலைச்சல் மிகுந்த வேலை. அனுபவசாலி ஒருவர் எனக்கு எளிய வழி ஒன்று சொன்னார்: "புது எஞ்சினின் இலக்கத்தை அராவிவிட்டுப் பழைய இலக்கத்தைப் பொறித்துத் தாறன். ஒருவருக்கும் தெரியாது. விலையும் கூடும்." உலகெங்கும் சேகரிப்போர் சட்டக இலக்கமும் எஞ்சின் இலக்கமும் இணைந்த வண்டிக்கே அதிக விலை தருவர், ஆதலால் இப்பொய் எங்கும் நடக்கிறது. அது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, எனக்கு உறுத்திய காரணம் வேறு. பழைய இலக்கத்தைப் பொறித்தால், தந்தையாரின் எஞ்சின் தொலையவே இல்லை என்று நான் சாட்சி சொன்னவனாவேன். 1995 நடக்கவில்லை என்றாகிவிடும். அவர் அச்சட்டகத்தைத் துடைத்துத் தூக்கிய அந்தக் காலைப்பொழுதும் பொய்யாகிவிடும். நான் அலைச்சலையே தேர்ந்தேன்.

நண்பர் பக்கத்திலும் நியாயம் உண்டு. உறுப்புக் குறையாத பழைய வண்டி ஒன்று எவரிடமேனும் இருந்தால், அதனை வெட்டியும் ஒட்டியும் கெடுப்பது முழுச் சுவடியைக் கிழித்துப் பொட்டலம் கட்டுவதற்கு ஒப்பாகும். அதனை அவ்வாறே காத்தல் வேண்டும். ஈரடிப்பு எஞ்சினின் புகைக்கும் நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஷ்னூர்லேயின் வழியிலும் கலவையின் ஒரு பகுதி எரியாமலே வெளியேறுகிறது. அதனாலேயே உலகம் அதனைக் கைவிட்டது. என் வண்டி சந்தைக்கும் வாசிகசாலைக்கும் ஞாயிறுதோறும் போய் வருவதோடு சரி.

ஆயின் சிதைந்து கையில் வந்ததை என் செய்வது? நம் தேசத்தில் பலருக்கும் பல பொருள்கள் அவ்வாறே வந்து சேர்ந்துள்ளன: பாதி வீடு, பாதி நூலகம், பாதிக் குடும்பப் படம். முழுமை கிடைக்கும்வரை வளையில் தொங்கவிடலாம். பொய் இலக்கம் பொறித்து முழுமை என்று சாதிக்கலாம். அல்லது கிடைத்ததைக் கொண்டு, பொருத்துக்களைச் செம்மையாக்கி, எது எங்கிருந்து வந்தது என்பதை ஒளியாமல் ஓடச் செய்யலாம். மூன்றாவதே தக்கது என்பது என் துணிபு.

வண்டியின் ஆசனத்தின் கீழ் ஒரு சிறு கொப்பி வைத்திருக்கிறேன். சட்டகம் ஐயாவினது, எஞ்சின் மலைநாட்டினது, தகடு வெட்டியவர் இன்னார் என்று எல்லாம் அதில் எழுதியிருக்கிறது. முதற் பக்கத்தில், 'எஞ்சின், 1995–96 இடைக்காலத்தில் காணாமற் போனது' என்று குறித்துள்ளேன். நண்பர் மறுமுறை வரும்போது அக்கொப்பியை அவரிடம் கொடுப்பேன். படித்த பின்னரும் அவர் இது ஐயாவின் சைக்கிள் அன்று என்பாராயின், நான் வாதாடப் போவதில்லை. பின்னால் ஏறுங்கள், சுன்னாகம்வரை போய் வருவோம் என்பேன்.