வலியின் கணக்கை யார் எழுதுவது?

வீட்டு நாய்க்குப் புற்றுநோய் என்று உறுதியான நாள்முதல் அக்குடும்பத்தின் காதில் இரண்டு குரல்கள் ஒலிக்கின்றன. ‘ஒரு நாய்க்கு இத்தனை செலவா?’ என்பது உற்றார் உறவினரின் குரல். ‘என்ன ஆனாலும் காப்பாற்றியே தீரவேண்டும்’ என்பது வளர்த்தவரின் குரல். ஒன்றுக்கொன்று பகையாகத் தோன்றினும் இரண்டின் பிழையும் ஒன்றே. ஒன்றில் மனிதரின் பணம் பேசுகிறது. மற்றொன்றில் மனிதரின் பிரிவுத்துயர் பேசுகிறது. நாயின் வலி இரண்டிலும் இல்லை.

முதற்குரல் அறியாமையில் பிறந்தது. இந்தியத் தெருநாய்களிடம் பரவலாகக் காணப்படும் புற்றுகளுள் ஒன்று, இணைசேரும்போது நாய்க்கு நாய் தொற்றும் பிறப்புறுப்புக் கட்டி. வாரம் ஒன்றாகச் சில வின்கிரிஸ்டின் ஊசிகளில் பெரும்பாலான நாய்கள் குணமடைந்துவிடுகின்றன. அம்மருந்தோ வேலியோரம் பூத்துக்கிடக்கும் நித்தியகல்யாணியிலிருந்து கிடைப்பது. குழந்தைகளின் இரத்தப்புற்றுக்கும் அதுவே தரப்படுகிறது. பெண்நாய்களுக்கு வரும் மடிக்கட்டிகளில் ஏறத்தாழப் பாதி புற்றாக இருக்கின்றன. இளமையிலேயே கருத்தடை செய்தால் அந்த ஆபத்து பெருமளவு குறையும். ‘ஒரு முறையாவது குட்டி போடட்டும்’ என்று அதைத் தள்ளிப்போட்டவர்களே, கட்டி உடைந்து சீழ் வடியும் நாளில் செலவுக்கணக்குப் பார்க்கின்றனர். வளர்ப்பவர் தம் பொறுப்பிலுள்ள விலங்கின் நலனைக் காக்கவும் தேவையற்ற வலியைத் தடுக்கவும் கடமைப்பட்டவர் என்று 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் கூறுகிறது. அது கடமை, தாராளமனம் படைத்தோரின் தருமம் அன்று.

இரண்டாம் குரல் அன்பில் பிறந்தது. ஆதலால் அதைக் கேள்வி கேட்பது கடினம். ஆயினும் கேட்டே ஆகவேண்டும். நிணநீர்ப் புற்று வந்த நாய் சிகிச்சையின்றி ஓரிரு மாதங்களே வாழும். பல மருந்துகள் கூடிய கீமோதெரபி சில மாதங்கள் நீளும். அதனால் பெரும்பான்மை நாய்களுக்கு நோய் அடங்குகிறது. பல நாய்கள் ஓராண்டளவு வாழ்கின்றன. முற்றாகக் குணமாவது அரிது. அதனாலேயே கால்நடை மருத்துவர்கள் மனிதருக்குத் தருவதைவிட மென்மையான அளவில் மருந்து தருகின்றனர். அங்கே இலக்கு நாள்களின் எண்ணிக்கை மட்டும் அன்று, அந்நாள்களின் தரமும்தான். இந்த வேறுபாட்டை உணராத அன்பு, நோய் மீண்டும் தலைதூக்கிய பின்னும் ‘இன்னும் ஓர் ஊசி’ என்று மன்றாடுகிறது.

மனித நோயாளி நாளைய நலனுக்காக இன்றைய வேதனைக்கு இசைகிறார். நாய்க்கு அந்த ‘நாளை’ தெரியாது. ஊசியின் குத்தல் மட்டுமே தெரியும். அதன் சார்பில் இசைவு தருபவர், அதன் சார்பில் கணக்கும் எழுதவேண்டும். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த அளவுகோல் ஏழு கேள்விகளை முன்வைக்கிறது: வலி அடங்கியிருக்கிறதா, உண்கிறதா, உடலில் நீர் குறையாமல் இருக்கிறதா, தூய்மையாக இருக்கிறதா, மகிழ்கிறதா, நடமாடுகிறதா, கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் மிகுதியா? நாள்காட்டியில் ஒவ்வோர் இரவும் ஒரு குறி இட்டாலே போதும்; அதற்குப் பணம் தேவையில்லை. ஊசி போட்ட பின் சில நாள்களுக்குக் கழிவுகளைக் கையுறையணிந்து அகற்றுவதும், வீட்டிலுள்ள வலிமாத்திரையை மருத்துவரைக் கேளாமல் ஊட்டாதிருப்பதும் இதே பொறுப்பின் பகுதிகளே.

அந்த நாள்காட்டியில் கெட்ட நாள்கள் பெருகும்போது வலியற்ற முடிவைப் பற்றி மருத்துவர் பேசினால், ‘உயிரை எடுக்க நாம் யார்?’ என்ற விடை வருகிறது. அறமாக ஒலிக்கும் அவ்விடை பலமுறை கோழைத்தனத்தின் மறைப்பே. கொல்லைப்புறத்தில் இரவெல்லாம் முனகும் நாயைக் கதவடைத்துவிட்டு உறங்கும் இரக்கம், எவ்வகை இரக்கம்?

சிகிச்சை தொடர்வதா நிறுத்துவதா என்பதற்கு எல்லா நாய்களுக்கும் பொதுவான விடை கிடையாது. ஆனால் கேள்வி ஒன்றே. இத்தனை செலவா என்பவரும் எத்தனை செலவானாலும் என்பவரும், இத்தனை வலியா என்று முதலில் கேட்கட்டும்.