பெட்டியில் எழுதிய வெளிச்சம் பாதைக்கு வருமா?



சென்ற மாதம் சங்க வேலையாகக் கிள்ளான் தெங்கு கிளானா சாலைப் பக்கம் போயிருந்தேன். என் தாயாரோடு ஒரே தோட்டத்தில் பால் வெட்டிய பெரியம்மா ஒருவர் அங்கே அடுக்குமாடி வீட்டில் மகன் குடும்பத்தோடு இருக்கிறார். தோட்டம் வீடமைப்புக்குப் போனபோது லயத்தைக் காலி செய்து வந்தவர். நலம் விசாரிக்கப் போன இடத்தில், அவருடைய பேரன் புதிதாக வாங்கிய தலை விளக்கு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். தொழிற்சாலை நண்பர்களோடு சபாவுக்குப் போய்க் கினபாலு மலை ஏறப் போகிறானாம்.

"பாருங்க மாமா, ஐம்பதாயிரம் லுமென்! வெறும் பதினஞ்சு வெள்ளிதான்!"

பெரியம்மா அதை வாங்கினார். தலையில் மாட்டவில்லை. முதலில் சுவரில் அடித்துப் பார்த்தார். பிறகு தம் உள்ளங்கையில் அடித்துப் பார்த்தார். "நடுவுல கண்ணு கூசுது, ஓரமெல்லாம் இருட்டு. இதைக் கட்டிக்கிட்டு ஒரு மரம்கூட வெட்ட முடியாதுடா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பேரன் சிரித்தான். ஆனால் பெரியம்மா சொன்னது பெரிய பாடம். அதைப்பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

பால் வெட்டு ஏன் விடியுமுன் நடக்கிறது? வெயில் ஏறினால் இலை வழியே நீர் போய், மரத்தின் உள் அழுத்தம் குறைந்து பாலோட்டம் மட்டுப்படும். ஆகவே இருட்டிலேயே வேலை. ஒருவர் வெட்டில் நானூறு, ஐந்நூறு மரம். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய படலம் ஒன்று உண்டு. அதைத் தொடாமல், சுமார் ஒரு மில்லிமீட்டர் விட்டு உளி ஓட வேண்டும். தொட்டுவிட்டால் மரத்துக்குக் காயம். மறுபடி வளரும் பட்டை முடிச்சு முடிச்சாக இருக்கும். மறுநாள் பிரட்டில் பேச்சு வாங்குவது யார்? வெட்டியவர்தான். அந்த ஒரு மில்லிமீட்டரைக் காட்டியது நெற்றியில் இருந்த விளக்கு.

என் தாயார் கட்டியது கார்பைடு விளக்கு. கார்பைடு கட்டியின் மேல் தண்ணீர் சொட்டும், அசிட்டிலின் வாயு வரும், அது எரியும். இடுப்பில் டப்பா, அங்கிருந்து நெற்றிக்கு ரப்பர் குழாய். ஒரு மாதிரியான பூண்டு வாடை அடிக்கும். காற்று அடித்தால் அணைந்துவிடும். அணைந்த இடத்திலேயே, காலடியில் பாம்பு கிடக்கிறதா, பூரான் கிடக்கிறதா என்று தெரியாமல் நின்று மறுபடி கொளுத்த வேண்டும். அந்தக் கார்பைடுக்கான காசு எங்கள் வீட்டுச் செலவுக் காசிலிருந்துதான் போயிற்று. மழை பெய்து வெட்டு இல்லாத மாதத்திலும் அந்தக் கணக்கு இருந்தது.

இப்போது பேரனின் மலைக்கு வருவோம். கினபாலு 4,095 மீட்டர் உயரம். முதல் நாள் ஏறி இடைவழி விடுதியில் தங்கி, அதிகாலை இரண்டு, இரண்டரை மணி வாக்கில் புறப்பட்டு, சூரிய உதயத்துக்கு உச்சியை எட்டுவது வழக்கம். வழுக்குப் பாறையில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இருட்டிலே நடக்க வேண்டும். எவரெஸ்ட் ஏறுவோரும் கடைசி முகாமிலிருந்து இரவில்தான் புறப்படுகிறார்கள். 1997 மே 23-ஆம் நாள் எவரெஸ்ட் உச்சியில் முதன்முதலாக நின்ற மலேசியர் இருவரும் நம்மவர்கள்தாம்: எம்.மகேந்திரன், என்.மோகனதாஸ். ஆகவே மலையேற்றம் நமக்கு ஆகாத விளையாட்டு என்று யாரும் சொல்ல வேண்டாம். பிள்ளைகள் போகட்டும். ஆனால் சரியான விளக்கோடு போகட்டும்.

எது சரியான விளக்கு?

முதலாவது, பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணைக் கண்டு மயங்காதீர்கள். காரின் முன்விளக்கு ஒன்றே ஏறக்குறைய ஆயிரம் லுமென்தான் தரும். பதினைந்து வெள்ளி விளக்கு ஐம்பதாயிரம் தருமா? சாதாரணப் பாதையில் நடக்க நூறு, இருநூறு லுமென் போதும். கரடுமுரடான இடத்துக்கு முந்நூறு இருந்தால் தாராளம். பேட்டரியிலும் இதே பொய் உண்டு. 18650 என்னும் விரல் தடிமன் பேட்டரி 3,500 மில்லி ஆம்பியர் மணி அளவில்தான் கொள்ளும். ஒரே பேட்டரியில் 9,900 என்று அச்சடித்திருந்தால், அச்சடித்தவனை நம்பாதீர்கள்.

இரண்டாவது, வெளிச்சம் விழும் விதம். தூரத்துக்கு ஈட்டி போலப் பாயும் வெளிச்சம் பார்க்க அழகு. ஆனால் கால் வைப்பது தூரத்தில் அல்லவே! காலடியிலும் கையருகிலும் சீராகப் பரவும் வெளிச்சம்தான் முக்கியம். பெரியம்மா உள்ளங்கையில் அடித்துப் பார்த்தது அதற்காகத்தான். கடையில் நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

மூன்றாவது, எவ்வளவு நேரம் எரியும் என்பது. "நூறு மணி நேரம்" என்று போட்டிருப்பான். எஃப்.எல்.1 என்று ஓர் அளவுமுறை உண்டு. அதன்படி, தொடக்க வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகத் தேயும் வரைக்கும் உள்ள நேரத்தையே எழுதுகிறார்கள். நூறு மணியும் முழு வெளிச்சம் கிடைக்கும் என்று எண்ணி ஏமாறக் கூடாது. வீட்டிலேயே ஓர் இரவு எரியவிட்டு, நல்ல வெளிச்சம் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று பார்ப்பதே உத்தமம்.

நான்காவது, தண்ணீர். நம் ஊர் மழைக்கு ஐ.பி.எக்ஸ் 4 என்ற குறி குறைந்தபட்சம் வேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து நீர் தெறித்தாலும் அது தாங்கும். ஐ.பி.எக்ஸ் 7 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும்.

ஐந்தாவது, தலை சாய்த்துக் குனிய வேண்டியதில்லாதபடி விளக்கைச் சாய்க்க முடிய வேண்டும். பட்டை நெற்றியை இறுக்கக் கூடாது. மாற்றுப் பேட்டரி கட்டாயம் வேண்டும். குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துபோகும், சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பையில் இன்னொரு சின்ன விளக்கும் இருக்கட்டும். ஊதிப்போன பேட்டரியை வைத்துக்கொள்ளாதீர்கள். ராத்திரி மெத்தைமேல் போட்டு சார்ஜ் ஏற்றாதீர்கள்.

இவ்வளவும் ஆசைக்கு மலை ஏறும் பிள்ளைக்கு. சரி, வயிற்றுப் பிழைப்புக்கு இருட்டில் இறங்குகிறவனுக்கு?

கிள்ளான் பள்ளத்தாக்கில் பால்மரம் இன்று அரிது. ஆயினும் நாட்டின் மற்ற பக்கங்களில் விடியுமுன் உளி பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இருட்டில் பிரட்டுக்கு நடக்கும் செம்பனைத் தொழிலாளி இருக்கிறார். ராத்திரிக் காவலுக்கு நிற்கும் நம் அண்ணன்மார் இருக்கிறார்கள். இவர்களில் பலர் அதே பதினைந்து வெள்ளி விளக்கைச் சொந்தக் காசில் வாங்கி, இரண்டு மாதத்தில் கெட்டு, மறுபடி வாங்குகிறார்கள். ஆண்டுக் கணக்குப் போட்டால் நல்ல விளக்கின் விலை வந்துவிடும்!

1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் என்ன சொல்கிறது? வேலை செய்யும் முறை இயன்றவரை ஆபத்தில்லாமல் இருக்கப் பார்த்துக்கொள்வது முதலாளியின் கடமை என்கிறது. அச்சட்டப்படி செய்து கொடுப்பதற்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது என்று 26-ஆம் பிரிவு சொல்கிறது. இருட்டில் வேலைக்கு அனுப்பினால் வெளிச்சமும் அந்தப் பாதுகாப்பில் சேர்ந்ததுதானே? உளியைப் போல விளக்கும் வேலைச் சாமான். அதை வேலை கொடுப்பவர் கொடுக்க வேண்டும் என்பதே என் கட்சி. "ஒரு லைட்டுக்காகவா சண்டை?" என்று சிலர் கேட்பார்கள். கையுறைக்கும் காலணிக்கும் அன்று இப்படித்தான் கேட்டார்கள்.

ஆகவே தோழர்களே, அடுத்த கூட்டத்தில் இதை எழுப்புங்கள். உங்கள் வேலையிடத்தில் எத்தனை பேர் சொந்தக் காசில் விளக்கு வாங்குகிறார்கள், ஆண்டுக்கு எத்தனை, என்ன விலை என்று பெயரோடு எழுதிச் சங்கக் கிளையில் கொடுங்கள். வாய்ப்பேச்சைத் தட்டிக் கழிப்பார்கள். கணக்கைத் தட்டிக் கழிப்பது கடினம். கொடுக்கிறோம் என்று நிர்வாகம் முன்வந்தாலும், மலிவானதைத் தலையில் கட்ட விடாதீர்கள். உள்ளங்கையில் அடித்துப் பார்த்து வாங்குங்கள்.

பேரன் அந்த விளக்கைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டானாம். இப்போது வேறு ஒன்று வாங்கியிருக்கிறான். இந்தத் தடவை கடைக்குப் பாட்டியையும் கூட்டிக்கொண்டு போனானாம்.