கடுவன் குட்டியின் மறைந்த குறை

நாய்க்குட்டி வாங்கச் செல்வோர் காதைப் பார்ப்பர், வாலைப் பார்ப்பர், பல்லையும் பார்ப்பர். கடுவன் குட்டியாயின் விதைப்பையையும் தடவிப் பார்த்தல் வேண்டும் என்பதைப் பலர் அறியார். கூச்சப்படுவதற்குரிய பேச்சன்று இது. அப்பிராணியின் ஆயுளைப் பற்றிய செய்தி.

தாயின் கருவில் குட்டி வளரும்போது விதைகள் இரண்டும் வயிற்றினுள்ளே, சிறுநீரகங்களின் அருகில் தோன்றுகின்றன. பின்னர் கவட்டிலுள்ள சிறு கால்வாய் வழியே இறங்கி விதைப்பையை அடைகின்றன. பிறந்து 8 வாரமாகும்போது இரண்டும் கைக்குத் தென்படுதல் இயல்பு. 6 மாதமாகியும் ஒன்று வந்து சேராவிடின், இனி வருமெனக் காத்திருத்தல் வீண். அது வயிற்றிலோ கவட்டிலோ தங்கிவிட்டதென்று கொள்ளலாம். பெரும்பாலும் வலப்புற விதையே இவ்வாறு தங்குகின்றது. பொமரேனியன் போன்ற சிறு சாதி நாய்களில் இக்குறை மிகுதி.

"ஒன்றாவது இருக்கிறதே, அது போதாதா?" என்பர் சிலர். தவறு இங்கேதான் தொடங்குகின்றது. உடலின் உட்சூட்டில் கிடக்கும் விதை விந்தணுவை ஆக்காது. ஆயினும் ஹோர்மோனைச் சுரந்துகொண்டேயிருக்கும். வயது ஏறும்போது அதிற் கட்டி தோன்றும் அபாயம், இறங்கிய விதையினும் ஏறத்தாழ 10 மடங்கு. அக்கட்டிகளுள் ஒருவகை பெண்மை ஹோர்மோனைச் சுரக்கும். அப்போது இரு விலாவிலும் உரோமம் உதிரும், முலைக்காம்புகள் வீங்கும், எலும்பு மச்சை நலிந்து இரத்தம் குன்றுதலும் உண்டு. மறைந்த விதை முறுக்கிக்கொண்டு, திடீரெனக் கடும் வயிற்றுவலி வருவதுமுண்டு.

இறங்கிய விதை ஒன்றிருந்தால் அந்நாய் குட்டிகளைத் தரவல்லது. ஆனால் இக்குறை பரம்பரையாய்த் தொடர்வது. பெட்டை நாயிடம் வெளியே ஓர் அடையாளமும் இன்றி, அதன் வழியாகவும் குட்டிகளைச் சென்றடையும். ஆதலால் இத்தகைய கடுவனையும், அதனை ஈன்ற தாய் தந்தையரையும் மீண்டும் இனவிருத்திக்குப் பயன்படுத்தலாகாது.

பரிகாரம் ஒன்றே: மிருக வைத்தியரைக் கொண்டு சத்திரசிகிச்சையால் இரண்டு விதைகளையும் அகற்றுவித்தல். வெளியே தெரிவதை மட்டும் அகற்றி, மறைந்ததை உள்ளே விட்டுவிடுவது பெரும் பிழை. காரியம் முடிந்ததென வீட்டார் மறந்துவிடுவர். ஆபத்தோ உள்ளேயே வளரும்.

இக்குறையுள்ள குட்டியை வேண்டாமென்று ஒதுக்கவேண்டியதில்லை. காலத்தில் சிகிச்சை பெற்றால் அதுவும் மற்ற நாய்களைப் போலவே நெடுநாள் வாழ்ந்து வாசலைக் காக்கும். நாம் செய்யவேண்டியது, 6 மாதம் நிறையுமுன் ஒருமுறை தடவிப் பார்ப்பதே.