பரங்கிமலைக் கல்

வழவழப்பான கலைப் புத்தகங்களில் அயர்லாந்தின் கெல்டிக் சிலுவைகளைப் பார்த்துச் சிலாகிக்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. மொனாஸ்டர்பாய்ஸ் என்று தடுக்காமல் உச்சரிப்பார்கள். பரங்கிமலை மாதா கோயிலின் பலிபீடத்தில் பதித்திருக்கும் சிலுவைக் கல்லைப் பார்த்ததுண்டா என்றால், 'அது சாமி சமாசாரம்' என்கிறார்கள். அயர்லாந்தில் இருந்தால் சிற்பம், இங்கே இருந்தால் சாமி!

1547ல் போர்ச்சுகீசியர் தோண்டும்போது கிடைத்த கல். இரண்டு தூண்கள், மேலே வளைவு, நடுவில் புடைப்பாகச் சிலுவை. உச்சியில் இறங்கும் புறா. அடியில் சுருளும் இலைகள். அறையப்பட்ட உடல் கிடையாது. வளைவைச் சுற்றிப் பஹ்லவி எழுத்து. ஏழாம் நூற்றாண்டுக்கும் ஒன்பதாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது என்பது பொதுவான கணிப்பு. தோமையாரே தம் கையால் செதுக்கினார் என்று பக்தர்கள் சொல்லட்டும், அது அவர்கள் விஷயம். படித்தவர்களும் அதோடு திருப்திப்பட்டுவிடுவதுதான் அபத்தம்.

பதினாறாம் நூற்றாண்டிலேயே இந்த அபத்தம் ஆரம்பித்துவிட்டது. எழுத்தைப் படிக்க ஒரு பிராமணப் பண்டிதரைக் கூட்டிவந்தார்கள். அவர் தோமையார் சரித்திரத்தையே நீளமாக வாசித்துக் காட்டினார். கேட்டவர்களுக்கு வேண்டியதும் அதுதான். 1873ல் பர்னெல் அதைப் பஹ்லவியாகப் படித்து வெளியிட்டார். பின்னால் வந்தவர்களின் வாசிப்புகள் ஒன்றோடொன்று முழுக்க ஒத்துப்போகவில்லை. வின்க்வர்த் வாசிப்பில், அஃப்ராஸ் என்பவன் கிறிஸ்துவிடம் தனக்கு இரக்கம் கேட்கிறான், அவ்வளவே. தோமையார் பெயரே இல்லை. மொனாஸ்டர்பாய்ஸ் சிலுவையும் தன்னைச் செய்வித்த முரெடக்குக்காகப் பிரார்த்திக்கத்தான் சொல்கிறது. இரண்டு சாதாரண மனிதர்களின் வேண்டுதல். எனக்கு இது அற்புதங்களைவிடப் பெரிதாகப் படுகிறது.

கண்டாச்சிபுரத்துக்காரனான எனக்கு இன்னொரு கோபமும் உண்டு. எங்கள் பக்கத்துத் தளவானூரில் மகேந்திரவர்மன் குடைவித்த குகையின் முகப்பில் மகர தோரணம் இருக்கிறது. பரங்கிமலைத் தூண்களின் தலையிலும் மகரங்கள். வளைவு அவற்றின் வாயிலிருந்துதான் கிளம்புகிறது. எழுத்து பாரசீகத்தினுடையது, தோரணம் இந்த மண்ணினுடையது. பல்லவச் சிற்பம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நம்மவர்கள் கோயில் வாசலோடு நின்றுகொள்கிறார்கள். தேவாலய வரலாறு எழுதுகிறவர்களுக்கு மகரம் கண்ணில் படுவதில்லை. கல்லை வெட்டிய உளி எந்த மதத்துக்கு ஊழியம் செய்தது என்று விசாரித்த பிறகுதான் கண்ணைத் திறப்பது என்றால், அதற்குப் பெயர் கலை விமர்சனமா?

கெல்டிக் நண்பர் ஒருவரை மலைக்கு அழைத்துப்போனேன். தூணின் தலையைப் பாருங்கள் என்றேன். கல் ரத்தம் வியர்த்ததாகச் சொல்கிறார்களே, அது எந்த வருஷம் என்று கேட்டார். 1558, டிசம்பர் 18 என்றேன். குறித்துக்கொண்டார்.