ஈரத் தரையும் ஒரு குற்றப்பத்திரிகையும்

லேப்ரடார் குட்டி ஒன்று வீட்டுக்கு வந்த மறுநாளே அறிவுரை சொல்ல ஆள் வந்துவிடும். ஹாலில் மூத்திரம் போனால் கழுத்தைப் பிடித்து இழுத்துப்போய் அந்த ஈரத்திலேயே மூக்கை அழுத்தித் தேய்க்க வேண்டும், கூடவே சுருட்டிய பேப்பரால் முதுகில் ரெண்டு வைக்க வேண்டும், ஒரே வாரத்தில் திருந்திவிடும். சொல்பவர் பக்கத்து ஃபிளாட்காரராக இருக்கலாம், மாமனாராக இருக்கலாம், குட்டியை விற்றவராகவே இருக்கலாம். படித்தவர், படிக்காதவர் என்ற பேதம் இந்த ஒரு விஷயத்தில் கிடையாது. அடியாத மாடு படியாது என்று கேட்டு வளர்ந்த ஊர் நம்முடையது. பள்ளிக்கூடத்தில் பிரம்பை ஒருவழியாகக் கீழே வைக்கச் சொல்லியாயிற்று. நாய்க்குட்டி விஷயத்தில் அப்படிச் சொல்ல ஆளில்லை.

இது கொடுமை என்பது ஒருபக்கம் இருக்கட்டும். கொடுமை என்று ஆரம்பித்தால் "நாய்க்குப் போய் இவ்வளவு இரக்கமா" என்று சிரிப்பவர்கள் நிறைய. அவர்களுக்கும் உறைக்கிற மாதிரியே சொல்லிவிடுகிறேன்: இந்த வைத்தியம் பலிக்காது. தரை ஈரமாவதை அது நிறுத்துவதில்லை, பல வீடுகளில் கூட்டிவிடுகிறது.

குட்டியின் உடம்பிலிருந்து தொடங்குவோம். பிறந்த முதல் இரண்டு மூன்று வாரம் தாய் நக்கிவிட்டால்தான் அதற்கு மூத்திரமும் மலமும் வெளியேறும். வெளியேறியதைத் தாயே நக்கிச் சுத்தமும் செய்துவிடும். அதன்பின் காலூன்றி நடக்கத் தொடங்கியதும், படுக்கிற இடத்தை விட்டு நாலடி தள்ளிப்போய் இருந்துவிட்டு வரும். இதை யாரும் அதற்குக் கற்றுக்கொடுப்பதில்லை. ஆக, பாதிப் பாடத்தைக் குட்டி தாய் வீட்டிலேயே முடித்துவிட்டுத்தான் நம்மிடம் வருகிறது. நாம் சொல்லித்தர வேண்டிய மீதி இவ்வளவுதான்: மூலையில் விரித்த சாக்கு மட்டும் உன் படுக்கை இல்லை, ஹால், பெட்ரூம், பூஜையறை வாசல் எல்லாமே உன் படுக்கைதான். ஆயிரம் சதுர அடியைத் தன் படுக்கையாக நினைத்துக்கொள்ள, ஒரு முழம்கூட இல்லாத உயிருக்குச் சில வாரமாவது பிடிக்காதா?

நினைத்தாலும் அதனால் அடக்க முடியாது என்பது அடுத்த சங்கடம். வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வருவது, குட்டி அதிகபட்சம் தாக்குப்பிடிக்கும் மணிக்கணக்கு என்று தோராயமாகச் சொல்வார்கள். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம், அதுவும் தூங்கும்போது. விழித்து ஓடியாடுகிற நேரத்தில் அரை மணிக்கு ஒருதரம்கூடப் போகும். ஆபீசுக்குக் கிளம்பும்போது பூட்டி, ஆறு மணிக்கு வந்து திறந்து, ஹாலில் நாலு இடத்தில் ஈரத்தைப் பார்த்ததும் கையை ஓங்குகிறவர், எதற்காக அடிக்கிறோம் என்று ஒரு நிமிஷம் யோசிக்கலாம். அந்த உடம்பால் முடியாத ஒன்றை அது செய்யவில்லை என்பதற்காக.

இந்த இடத்தில்தான் அரசுத் தரப்புச் சாட்சி மாதிரி ஒரு வாதம் வந்து நிற்கும். "அதுக்கு எல்லாம் தெரியும் சார். நான் கதவைத் திறந்ததுமே காதை மடக்கிக்கிட்டு, வாலை இடுக்கிக்கிட்டு சோபாவுக்கு அடியில போயிடுது. தப்பு பண்ணினது தெரியாமலா ஒளியுது?" நாய் வளர்ப்பவர்களில் இந்த முழியைச் சாட்சிக்கு இழுக்காதவர் அபூர்வம். மூக்கைத் தேய்க்கும் வழக்கம் முழுக்க இந்த ஒரே சாட்சியை நம்பித்தான் நடக்கிறது.

இந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தவர் ஒருவர் உண்டு. நியூயார்க்கின் பார்னார்ட் கல்லூரியைச் சேர்ந்த அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ், 2009-இல் 14 வீட்டு நாய்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். ஒரு தின்பண்டத்தைக் காட்டி, தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு எஜமானர் வெளியே போய்விடுவார். திரும்பி வரும்போது, நாய் தின்றுவிட்டது அல்லது தின்னவில்லை என்று அவரிடம் சொல்லப்படும். சில தடவை அது உண்மை, சில தடவை பொய். தின்றதாகக் கேள்விப்பட்டவர் நாயைத் திட்டுவார். முடிவில் தெரியவந்தது, அந்தக் குற்றவாளி முழிக்கும் நாய் தின்றதற்கும் சம்பந்தமே இல்லை. எஜமானர் திட்டினால் முழி வந்தது, திட்டாவிட்டால் இல்லை. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களிடம்தான் அது மிக அதிகமாக இருந்தது. குட்டியின் முகத்தில் நாம் படிப்பது அதன் மனசாட்சியை என்று நினைக்கிறோம். உண்மையில் நம் முகத்தைப் பார்த்து அது பயப்படுகிறது.

நாய்க்குட்டி ஒரு செயலையும் அதன் விளைவையும் முடிச்சுப்போடுவது ஓரிரு விநாடிக்குள். மூன்று மணிக்குப் போன மூத்திரத்துக்கு ஆறு மணிக்கு விழுகிற அடி, அந்த மூத்திரத்தோடு சேராது. ஆறு மணிக்கு என்ன நடந்ததோ அதோடு சேரும். ஆறு மணிக்கு நடந்தது, எஜமானர் வீட்டுக்கு வந்தது. அவ்வளவுதான். அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் குட்டி ஒளியத் தொடங்கும். ஒளிவதைப் பார்த்து, தெரிந்தேதான் செய்திருக்கிறது என்று அவருக்கு உறுதியாகிவிடும். அடி இன்னும் கொஞ்சம் பலமாக விழும்.

"கையும் களவுமாப் பிடிச்சு அடிச்சா?" என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. அப்போது குட்டி கற்றுக்கொள்வது, மனிதர் கண்ணெதிரே மூத்திரம் போவது ஆபத்து என்பதை. வீட்டுக்குள் போவது தவறு என்ற பாடம் அதில் எங்குமில்லை. விளைவை எந்த அப்பார்ட்மென்டிலும் பார்க்கலாம். சங்கிலி போட்டுக் கீழே கூட்டிப்போனால் அரை மணி நேரம் சுற்றியும் ஒரு சொட்டுப் போகாது, ஏனென்றால் சங்கிலியின் மறுமுனையில் அடித்தவர் நிற்கிறார். லிஃப்டில் மேலே வந்து சங்கிலியை அவிழ்த்ததும் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் போய்க் காரியத்தை முடித்துவிடும். "திமிரைப் பார்த்தீங்களா" என்பார்கள். பாடத்தை ஒழுங்காகப் படித்த மாணவனுக்கு நாம் கொடுக்கும் மதிப்பெண் அது. குனிந்து கையை நீட்டினாலே பயத்தில் நின்ற இடத்தில் ஒழுகவிடும் குட்டிகளும் உண்டு. அவற்றைத் திட்டத் திட்ட ஒழுகல் அதிகமாகும்.

பிறகு ஏன் இத்தனை பேர் சத்தியம் செய்கிறார்கள்? "எங்க டாமிய அப்படித்தான் பழக்கினோம், அஞ்சாறு மாசத்துல சரியாயிடுச்சு." சரியாகத்தான் ஆகும். அஞ்சாறு மாசத்தில் அடிக்காத குட்டிக்கும் அடக்கும் சக்தி கூடிவிடும். தானாக நடந்த வளர்ச்சிக்குப் பேப்பர் சுருள் பேர் வாங்கிக்கொள்கிறது. சேவல் கூவித்தான் பொழுது விடிந்தது என்று சேவல் நினைத்துக்கொள்வதில் தப்பில்லை, நாமும் நினைக்கலாமா?

தாத்தா காலத்துக் கதை ஒன்றும் உண்டு. அந்தக் காலத்தில் நாய்க்கு யார் பயிற்சி கொடுத்தார்கள், எல்லாம் தானாகக் கற்றுக்கொண்டது என்பார்கள். தாத்தாவின் நாய் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. அது திண்ணைக்குக் கீழே படுத்தது, கொல்லையிலோ தோட்டத்திலோ போய் இருந்துவிட்டு வந்தது. நிலைப்படியைத் தாண்டி உள்ளே காலெடுத்து வைக்க அதற்கு அனுமதியே இல்லை. கழிப்பறைப் பயிற்சி என்ற கேள்வியே எழாத வாழ்க்கை. மூன்றாம் மாடியில் டைல்ஸ் தரை, பூட்டிய கதவு, மண் என்பதையே காணாத பால்கனி என்று ஆன பிறகுதான் இந்தக் கேள்வி பிறந்தது. அதற்குத் தாத்தாவிடம் விடை இருக்க நியாயமில்லை.

விடை வேறு இடத்தில் இருக்கிறது, அதில் மர்மம் ஒன்றும் கிடையாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட கால் மணிக்குள், விளையாடி முடித்ததும், படுக்கும் முன்பும், நடுராத்திரி ஒருதரமும் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரே இடத்துக்குப் போக வேண்டும். போய்ப் பேசாமல் நிற்க வேண்டும். அது போய் முடித்த விநாடியில், வீட்டுக்குள் திரும்பிய பிறகல்ல, அங்கேயே, வாயில் ஒரு துண்டு வேகவைத்த கேரட்டோ கோழியோ வைக்க வேண்டும். கண்காணிக்க முடியாத நேரத்தில் சின்னத் தடுப்புக்குள் விட வேண்டும். தரையை முகர்ந்து வட்டமடித்தால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மீறி நடந்துவிட்டால் துடைக்க வேண்டும், வாயைத் திறக்காமல்.

துடைப்பதிலும் நம்மவர்கள் நம்புவது ஃபினாயிலை. அதன் வாசனை நம் மூக்கை ஏமாற்றும், நாயின் மூக்கு அடியிலிருக்கும் மூத்திர வாசனையைக் கண்டுபிடித்துவிடும். கருப்பு ஃபினாயில் குட்டியின் பாதத்தில் ஒட்டி, அது நக்கினால் விஷம். வாசனையைச் சிதைக்கும் என்சைம் திரவங்கள் பெட் ஷாப்பிலேயே கிடைக்கின்றன. அந்த இடத்தில் மிளகாய்த்தூள் தூவுகிறவர்களையும் கண்டிருக்கிறேன். நாய் அண்டாதிருக்க வாசல் கேட்டில் நீலத் தண்ணீர் பாட்டில் கட்டுவது தேவலை, அதனால் யாருக்கும் கண் எரிவதில்லை.

எங்கே தூக்கிப்போவது என்பதை மட்டும் குட்டி வருமுன்னே முடிவு செய்துவிட வேண்டும். தெருவுக்கு என்று பலரும் நினைக்கிறார்கள். பார்வோ வைரஸ் நோயுற்ற நாயின் மலத்தில் வெளியேறி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் தடுப்பூசி வரிசை 16 வாரம் வரை போகும். அதுவரை பிற நாய்கள் வராத மொட்டை மாடி மூலையோ, பால்கனியில் மண் பரப்பிய தட்டோ நல்லது.

இதையெல்லாம் படித்தால் ஒன்று விளங்கும். பயிற்சி நாய்க்கு இல்லை, கடிகாரத்தைப் பார்க்க வேண்டியவருக்கு. அவர் யார் என்பதை எந்த வீட்டிலும் முன்கூட்டிப் பேசுவதே இல்லை. பேர் வைத்தாயிற்று, சிவப்பு பெல்ட் வாங்கியாயிற்று, மெத்தை வாங்கியாயிற்று, போட்டோவும் போட்டாயிற்று. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்திருப்பது யார்? குட்டி வேண்டுமென்று அழுது அடம்பிடித்தது பையன், பணம் கொடுத்தது அப்பா, ஈரத்துணி அம்மா கையில். சமையல், டிபன் பாக்ஸ், வேலைக்கும் போகிறவர் என்றால் அதுவும், இவற்றுக்கு நடுவே அரை மணிக்கு ஒருதரம் மொட்டை மாடி. இந்த வேலையைச் செய்யாமலே விட்டுவிட வசதியான ஒரு கொள்கைதான் மூக்கைத் தேய்ப்பது. தூங்கியவரின் பிழை குட்டியின் கணக்கில் ஏறிவிடுகிறது. அடி நாலு விநாடி வேலை, எழுந்திருப்பது நாலு மாத வேலை.

தின்பண்டம் கொடுத்துப் பழக்கினால் செல்லம் ஏறிவிடும், நாய்க்கு நாம்தான் தலைவன் என்று காட்ட வேண்டும் என்பவர்கள் ஓநாய்க் கூட்டத்தை உதாரணம் காட்டுவார்கள். அந்தக் கதை, சம்பந்தமில்லாத ஓநாய்களைச் சேர்த்து அடைத்துவைத்துப் பார்த்ததில் பிறந்தது. 1970-இல் தன் ஓநாய்ப் புத்தகத்தின் வழியே அதைப் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மெக் என்ற அமெரிக்க ஆய்வாளரே, காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் அடங்கிய குடும்பம்தான் என்று 1999-இல் எழுதினார். தலைவன் பதவிக்கு அங்கே அடிதடி இல்லை.

லேப்ரடாருக்குப் போய்ப் பிரம்பெடுப்பது இன்னும் வேடிக்கை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் மீனவர்களோடு வேலை செய்த நாய்களின் வழிவந்த இனம் இது. சொன்னதைக் கொண்டுவந்து கொடுப்பதற்காகவே பிரிட்டனில் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்தார்கள். போதாததற்கு, கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-இல் கண்டறிந்தபடி, ஏறக்குறைய நாலில் ஒரு லேப்ரடாருக்கு 'பிஓஎம்சி' என்ற மரபணுவில் ஒரு துண்டு இல்லை. அந்த நாய்களுக்கு உணவின் மேல் ஆசை அதிகம். ஒரு துண்டு கேரட்டுக்கு உயிரைக் கொடுக்கிற ஜீவனை அடித்துத்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும் என்றால், குறை எங்கே இருக்கிறது? (கொடுத்த துண்டுகளை அன்றைய சாப்பாட்டில் கழித்துக்கொள்ளுங்கள். ஒரு வயதில் பீப்பாய் மாதிரி உருளும் லேப்ரடார்களை நம் ஊரில் போதுமான அளவு பார்த்தாயிற்று.)

ஒரு வகைக் குட்டிக்கு மட்டும் இவை எல்லாம் சரியாகச் செய்தாலும் நாளாகும். கம்பிக் கூண்டுக்குள் தின்ற இடத்திலேயே இருந்து, இருந்த இடத்திலேயே படுத்து வளர்ந்த குட்டி, தாய் வீட்டில் முடித்திருக்க வேண்டிய அந்தப் பாதிப் பாடத்தையும் தொலைத்துவிட்டு வருகிறது. அதற்கு விற்றவரைக் கேட்க வேண்டும், குட்டியை அல்ல. நாய் இனப்பெருக்கம், விற்பனை குறித்து மத்திய அரசு 2017-இல் கொண்டுவந்த விதிகள், எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. முப்பது, நாற்பது நாளில் பால்மணம் மாறாததைக் கைமாற்றுவது இன்றும் நடக்கிறது. சட்டத்துக்கு இருக்கும் பல்லும் தெரிந்ததுதான்: 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, பிராணியை அடித்து வதைத்தால் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்.

வாங்கப் போகிறவர் கையில்தான் மிச்சமிருக்கிறது. குட்டியைக் கையில் எடுத்துக் கொஞ்சும் முன் பிறந்த தேதியைக் கேளுங்கள். தாயைக் காட்டச் சொல்லுங்கள், அது படுத்திருக்கும் இடம் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். "நாப்பது நாள் ஆச்சு சார், எல்லாம் சாப்பிடும், இன்னிக்கே தூக்கிட்டுப் போங்க" என்றால், பதினாறு நாள் கழித்து வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள். ராத்திரி முறை யாருக்கு என்று வீட்டில் பேசி முடிக்க அந்தப் பதினாறு நாள் தேவைப்படும்.